வாரண்டி முடிந்து பத்தொன்பது நாள்

சனிக்கிழமை காலை. சர்வீஸ் சென்டர் வாசலில் ரெக்கவரி வண்டியிலிருந்து ஒரு காரை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெயின்ட் இன்னும் புதுசுபோல மின்னுகிறது. பின் கண்ணாடியில் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர்கூட நிறம் மங்கவில்லை. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்பானர் போட்டுத் திருகினாலும் இன்ஜின் சுற்றவில்லை. மெக்கானிக் பாஷையில் சொன்னால், சீஸ் ஆகிவிட்டது.

"சார், உங்க வாரண்டி போன மாசம் இருபத்திரெண்டோட முடிஞ்சிருச்சு. இது கஸ்டமர் பெய்டுலதான் வரும்."

"பத்தொன்பது நாள்தானே தம்பி ஆச்சு?"

"சிஸ்டம் ஏத்துக்காது சார். இன்ஜினை இறக்கிப் பிரிச்சுப் பார்த்தாத்தான் எவ்வளவுன்னு சொல்ல முடியும். அதுக்கு மட்டும் இங்க ஒரு கையெழுத்து போட்ருங்க."

ஊரும் காரும் மாறலாம், இந்தப் பேச்சு மட்டும் மாறுவதில்லை. காரின் சொந்தக்காரருக்கு முதலில் வருவது கோபம். அடுத்து ஒரு சந்தேகம்: தேதி பார்த்துத்தான் செத்துப்போகிற மாதிரி இன்ஜினைச் செய்கிறார்களோ? அப்படியெல்லாம் நாள் குறிக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. அவர்கள் செய்வது கணக்கு. புது இயந்திரத்தில் தயாரிப்புக் குறைகள் ஆரம்பத்திலேயே தலைகாட்டும். அதற்குப் பிறகு பல வருடம் பெரிய தொந்தரவு இருக்காது. தேய்மானம் முற்றிய பிறகுதான் கோளாறுகள் மறுபடி வரிசைகட்டும். நடுவிலுள்ள அந்த அமைதியான காலத்துக்குள் முடிகிற மாதிரி வாரண்டியை வைத்தால் கம்பெனிக்குச் செலவு குறைவு. இதைத் தந்திரம் என்று திட்டலாம், வியாபாரம் என்று விட்டுவிடலாம். சதி என்று சொல்ல முடியாது.

சந்தேகப்பட வேண்டியது தேதியை அல்ல, நோயை. இந்த இன்ஜின் எப்போது செத்தது என்பதைவிட எப்போதிலிருந்து செத்துக்கொண்டிருந்தது என்பதுதான் கேள்வி. பணம் யார் கட்டுவது என்ற வழக்கு பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் முடிவாகிறது.

இன்ஜினுக்குள் ஒரு சிறு பாகத்தை மட்டும் கையில் எடுத்துப் பார்க்கலாம். பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. அந்த ராடு கிராங்கைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். அதுதான் பேரிங். உள்பக்கம் வழவழவென்று சாம்பல் நிறம், விரலால் வளைத்துவிடலாமோ என்று தோன்றும் மெல்லிய உலோகம். அந்தத் தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. அந்த இடைவெளியில்தான் ஆயில் அழுத்தத்தோடு ஓடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை கிராங்க் சுழல்கிறது. அத்தனை வேகத்திலும் உலோகமும் உலோகமும் உரசுவதில்லை. இரண்டும் ஆயில் படலத்தின் மேல் மிதக்கின்றன.

படலம் ஒருமுறை அறுந்தால் தகட்டில் கீறல் விழும். கீறலிலிருந்து உதிரும் பொடி ஆயிலோடு சுற்றி மேலும் கீறும். இடைவெளி அகல அகல ஆயில் அழுத்தம் குறையும். அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் கிளம்பும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகமாகவும் விட்டால் மெதுவாகவும் தட்டுகிற 'டக் டக்'. பழைய மெக்கானிக் போனெட்டைத் திறக்கும் முன்பே உதட்டைப் பிதுக்குவார்: "ராடு சத்தம்ங்க." இந்தச் சத்தத்துக்கும் முழுச் சாவுக்கும் நடுவே சில வாரங்கள் போகலாம், சில மாதங்களும் போகலாம். கடைசியில் பேரிங் கிராங்கோடு உருகி ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதே சின்னத் தகட்டில் தொடங்கிய விவகாரம் ஒன்று அமெரிக்காவில் பல கோடி டாலரில் போய் நின்றது. வாரண்டி முடிந்தபின் இன்ஜின் போனவர்கள் யாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய கதை அது.

ஹூண்டாய், கியா கார்களில் வந்த 'தீட்டா 2' என்ற பெட்ரோல் இன்ஜின். 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் நெடுஞ்சாலையில் திடீரென நின்றன. 2015 செப்டம்பரில் ஏறத்தாழ 4,70,000 கார்களை ஹூண்டாய் திரும்ப அழைத்தது. அலபாமா ஆலையில் கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகப் பிசிறுகள் முழுமையாக நீக்கப்படாமல் ஆயில் பாதைக்குள்ளேயே தங்கியிருக்கக்கூடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பிசிறு ஆயிலை மறிக்கும், பேரிங் வறளும், பிறகு நடப்பது மேலே சொன்னதுதான். கார் வாங்கியவர் ஆயிலை எவ்வளவு ஒழுங்காக மாற்றியிருந்தாலும் உள்ளே பிறவியிலேயே இருந்த பிசிறை அவர் என்ன செய்திருக்க முடியும்? லேத்தில் வேலை பார்த்த எவருக்கும் பிசிறு என்றால் என்னவென்று தெரியும். கடைசல் முடிந்ததும் அதைத் துடைத்து எடுப்பது தொழிலின் பாலபாடம்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. கொரியாவில் ஹூண்டாயின் தரப் பிரிவில் இருந்த பொறியாளர் கிம் குவாங்-ஹோ. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை பார்த்தவர். கோளாறின் அளவுக்கு ஏற்ற நடவடிக்கையை நிறுவனம் எடுக்கவில்லை என்று கருதி, 2016-ல் உள் ஆவணங்களோடு அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் போனார். அந்த வருடமே வேலை போனது. 2017 மார்ச்சில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து இன்னும் சுமார் 12 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. காலம் தாழ்த்தி அழைத்தார்கள், போதிய தகவல் தரவில்லை என்ற குற்றச்சாட்டில் 2020 நவம்பரில் ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. ஹூண்டாய்க்கு 14 கோடி டாலர், கியாவுக்கு 7 கோடி டாலர். அதில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு நவம்பரில் கிம்முக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. குற்றத்தை வெளிக்கொண்டு வந்தவருக்கு வசூலான தொகையில் 30 சதவீதம் வரை தரலாம் என்கிற 2015-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த அமைப்பு கொடுத்த முதல் வெகுமதி அது.

வாரண்டி விஷயத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் ஹூண்டாயின் பவர்டிரெயின் வாரண்டி முதல் உரிமையாளருக்கு 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல்தான். அந்த எல்லையைத் தாண்டி இன்ஜின் போனவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2019 அக்டோபரில் சமரசம் அறிவிக்கப்பட்டது. தீட்டா 2 பொருத்திய 2011 முதல் 2019 வரையிலான மாடல்களுக்கு, கனெக்டிங் ராடு பேரிங் கோளாறால் வரும் சேதம் என்றால், ஆயுள் முழுக்க வாரண்டி. கைமாறி வாங்கியவர்களுக்கும் உண்டு. கைக்காசு போட்டு ரிப்பேர் செய்தவர்களுக்குப் பணம் திருப்பித் தரவும் வழி செய்தார்கள். முக்கிய நிபந்தனை, ஒரு சாஃப்ட்வேர் ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜினில் ஏற்கெனவே இருக்கும் நாக் சென்சாரை வைத்தே பேரிங் தேயும் அதிர்வைக் காதுகொடுத்துக் கேட்டு எச்சரிக்கும் ஏற்பாடு அது. பழைய மெக்கானிக்கின் காதைக் கம்ப்யூட்டருக்கு மாட்டிவிட்ட மாதிரி.

ஐரோப்பாவிலும் இப்படி ஒன்று. பெஜோ, சிட்ரோயென் கார்களில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் இன்ஜின், தன் பிரிவில் சர்வதேச விருதைத் தொடர்ந்து வாங்கியது. அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். பெட்ரோல் கலந்து கெட்ட ஆயிலில் ஊறி பெல்ட் உப்பும், துணுக்குகள் உதிரும், அவை ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். புகார்கள் குவிந்த பிறகு தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2024-ல் அதற்கு 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பாதுகாப்பை நீட்டியது. பராமரிப்புச் சான்று இருப்பவர்களுக்கு மட்டும்.

பராமரிப்புச் சான்று. நம்மூர் ஆள் கவிழ்கிற இடம் இதுதான்.

இன்ஜின் போன காரைப் பார்த்ததும் கம்பெனி தரப்பு தேடுவது சர்வீஸ் ஹிஸ்டரியை. ஒரு ஆயில் சர்வீஸ் 4,000 கிலோமீட்டர் தள்ளிப்போயிருந்தால் போதும், மொத்தப் பழியும் அதன் தலையில் விழும். அதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயில் மாற்றாமல் இன்ஜினுக்குள் தார் மாதிரிக் கசடு கட்டவிட்டவர்கள் உண்டு. கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டி, ஹெட் கேஸ்கெட்டை எரித்தவர்களும் உண்டு. டிசம்பர் மழையில் முட்டளவு தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்துக் கனெக்டிங் ராடை வளைத்தவர்களைச் சென்னை 2015-லும் 2023-லும் நிறையவே பார்த்தது. தண்ணீர் புகுந்து போன இன்ஜினை வாரண்டியும் ஏற்காது, சாதாரண இன்சூரன்ஸும் பெரும்பாலும் ஏற்காது. அதற்கு 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் பாலிசி வேண்டும்.

ஆனால் ஒழுங்காகப் பராமரித்தவர் கையில் காகிதம் இருந்தால் ஆட்டமே வேறு. வெளியே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியவர்களும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, பில்லை வைத்திருந்தால். உதிரிபாக விற்பனையில் போட்டியைக் கெடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் சேதம் வந்திருந்தால்தான் மறுக்கலாம்.

காகிதங்களில் ராஜா ஜாப் கார்டு. வாரண்டி இருந்த காலத்திலேயே "காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம் வருது", "ஆயில் குறையுது" என்று சொல்லியிருப்பார்கள். அட்வைசர் தலையாட்டிவிட்டுக் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருப்பார். ஒரு வருடம் கழித்து இன்ஜின் போகும்போது புகார் சொன்னதற்கு ஒரு எழுத்துகூடச் சாட்சி இருக்காது. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லி, கிலோமீட்டரும் தேதியும் போட்டு ஒரு நகல் வாங்கிக்கொண்டவருக்கு, கோளாறு வாரண்டிக்குள்ளேயே பிறந்தது என்று காட்ட வேறு வக்கீல் வேண்டாம். சத்தத்தை மொபைலில் பதிந்து கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது. ராடு சத்தம் எழுத்தில் வராது, வீடியோவில் வரும்.

வாரண்டி முடிந்துவிட்டது, இன்ஜினும் போய்விட்டது என்றால் முதலில் தட்ட வேண்டிய கதவு கோர்ட் அல்ல. இந்தத் தொழிலில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. காலம் கடந்தாலும் கம்பெனி தன் விருப்பத்தில் செலவில் ஒரு பங்கை ஏற்பது. பாகத்தின் விலையை அவர்கள் போட்டு லேபரை நீங்கள் கட்டலாம், அல்லது பாதிப் பாதி. இது உரிமை இல்லை என்பதால் கேட்காதவருக்குக் கிடைக்காது. டீலர் முடிவெடுக்கிற விஷயமும் அல்ல. அவர் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜருக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும். வாரண்டி முடிந்து எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர், எல்லா சர்வீஸும் எங்கே செய்தது என்பதையெல்லாம் பார்ப்பார்கள். பத்தொன்பது நாள் என்பது சிஸ்டத்துக்கு வேண்டுமானால் பெரிதாக இருக்கலாம், குட்வில் கேட்பவருக்கு அதைவிட நல்ல துருப்புச்சீட்டு இல்லை.

கூடவே, அதே இன்ஜின் வேறு நாட்டில், வேறு பெயருள்ள காரில் ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது. டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளை அமெரிக்காவில் கம்பெனிகள் அரசு அமைப்பிடமும் கொடுத்தாக வேண்டும், அவற்றை யாரும் படிக்கலாம். இந்தியாவிலும் பாதுகாப்பைப் பாதிக்கும் குறைகளுக்காக வாகனங்களைத் திரும்ப அழைக்க வைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு. புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் சக்கரம் சுழலும். தனி ஒருவரின் புகார் அங்கே ஒரு துளிதான், ஆனால் எண்ணிக்கையில் சேரும்.

குட்வில்லும் கைவிரித்தால்தான் சட்டம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால் கம்பெனியோடு பேசிப் பார்ப்பார்கள், சில வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனுப் போடலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்குள் வரும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியிருந்தால். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கும் என்பது ஆணையத்தின் படி ஏறிய எவருக்கும் தெரியும்.

அங்கே வாரண்டி அட்டை மட்டும் பேசாது. வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுத்த வாக்கு. தயாரிப்பில் குறை என்பது சட்டம் தனியாகப் பார்க்கும் விஷயம். பிறவியிலேயே இருந்து பிறகு வெளிப்பட்ட குறை என்று நிரூபித்தால், வாரண்டி தேதி முடிந்தது என்பதை மட்டும் சொல்லி எதிர்த்தரப்பு எளிதில் தப்ப முடியாது. நிரூபிப்பதுதான் கஷ்டம். 'என் கார், எனக்குத் தெரியும்' என்பது சாட்சியம் ஆகாது. நிபுணர் அறிக்கை வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத குறையென்றால் ஆணையமே தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இன்ஜின் சத்தம் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் இந்த வழியைத்தான் காட்டியது: சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பார்க்கட்டும், உள்ளார்ந்த தயாரிப்புக் குறை என்று அவர் சொன்னால் காரின் விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுபக்கம், ஒரு பாகம் கெட்டதற்கு முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது, வாரண்டி சொல்வது பழுதான பாகத்தைச் சரிசெய்வதையும் மாற்றுவதையும்தான் என்று 2006-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புதுக் கார் கேட்டு மனு எழுதுவதைவிட, இன்ஜின் செலவையும் அலைச்சலுக்கு இழப்பீட்டையும் கேட்பது தேறும் வழி.

இப்போது அந்தச் சனிக்கிழமைக் காலைக்கும் கையெழுத்துக்கும் வரலாம். 'பிரித்துப் பார்க்கச் சம்மதம்' என்று போடும் அந்தக் கையெழுத்தில்தான் பல வழக்குகள் தோற்றுப்போகின்றன. இன்ஜினை இறக்கிப் பிரித்து, ஆயிலை வடித்து, பாகங்களைக் கழுவி வைத்துவிட்டால் நிபுணர் வந்து பார்க்க மிச்சம் எதுவும் இருக்காது. கையெழுத்துப் போடத்தான் வேண்டும், ஆனால் போடும் முன் அதே தாளில் நாலு வரி எழுதச் சொல்லலாம். சொந்தக்காரர் முன்னிலையில் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுக்க வேண்டும், வடித்த ஆயிலில் கொஞ்சம் சீல் வைத்துத் தர வேண்டும், இன்ஜின் எதனால் போனது என்பதை எழுத்தில் தர வேண்டும். அட்வைசர் முகம் சுளிப்பார். "அப்படியெல்லாம் வழக்கம் இல்லை சார்" என்பார். மேனேஜரிடம் போய்விட்டு வருவார். எழுதித் தரவே மாட்டோம் என்றால் அதையும் மெயிலில் அவர்களுக்கே அனுப்பி வைத்தால் அது ஒரு சாட்சி. பிரித்ததும் ஆயில் பேனின் அடியில் ஜரிகைத் தூள்போல மின்னும் பொடி கிடக்கிறதா, நாலு ராடில் ஒன்றின் பேரிங் மட்டும் கருகி மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றனவா என்று அருகில் நின்று பார்க்க வேண்டும். ஆயில் கெட்டுப்போன இன்ஜினில் நாலும் சேர்ந்து தேய்வதுதான் பெரும்பாலும் வழக்கம். ஒன்று மட்டும் வறண்டு கருகியிருந்தால், ஏன் என்று கேட்க இடம் இருக்கிறது.

பல சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டுகளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி அச்சாகியிருக்கும்: மாற்றிய பழைய பாகங்கள் திருப்பித் தேவையா, ஆம், இல்லை. பக்கத்தில் இரண்டு கட்டங்கள். பெரும்பாலான கார்டுகளில் அட்வைசரே 'இல்லை'யில் டிக் போட்டுத்தான் கையெழுத்துக்கு நீட்டுகிறார்.